ஜனவரியில் காலிக்கு வரும் பாய்ப்படகுகள்: தேயிலைக்கு அடிக்கும் காற்றும் கடலில் அடிக்கும் காற்றும்

ஜனவரி பிறந்தால் இலங்கையின் தெற்குக் கரையிலுள்ள காலித் துறைமுகத்தில் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வரிசையாக நிற்கும் படங்கள் கைபேசிகளில் சுற்றத் தொடங்கும். ஒரு கணவன், ஒரு மனைவி, சில படகுகளில் பள்ளி வயதுப் பிள்ளைகளும்கூட. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து அந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. காற்று எதிரே அடித்தால் இது எப்படிப் போகும்? ஜனவரியில் இத்தனை படகுகள் நிற்கும் இடத்தில் ஜூலையில் ஏன் ஒன்றையும் காணோம்? செங்கடலில் கப்பல்களைத் தாக்கினால் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அதில் என்ன?

இவற்றில் நடுக் கேள்விக்கான விடையில் பாதி மலையக மக்களுக்கு ஏற்கெனவே தெரியும். திம்புளைத் தேயிலைக்கும் ஊவாத் தேயிலைக்கும் எந்த மாதத்தில் நல்ல விலை கிடைக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். அந்த மாதங்களைத் தீர்மானிக்கும் அதே இரண்டு காற்றுகள்தான் பாய்ப்படகு எப்போது வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் தீர்மானிக்கின்றன. அந்த இடத்துக்கு வருவதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்க்க வேண்டும்.

## எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறோம்

யாட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கோடீஸ்வரர்களின் பல அடுக்கு மோட்டார்ப் படகு. காலியில் நிற்பவற்றில் பெரும்பாலானவை அந்த வகையில்லை. 10 முதல் 15 மீற்றர் வரை நீளமான, ஒன்று அல்லது இரண்டு பாய்மரம் கொண்ட, நெடும் பயணத்துக்கென்று கட்டப்பட்ட பாய்ப்படகுகள் அவை. உள்ளே நாலைந்து பேர் படுக்க இடம், எரிவாயு அடுப்பு, சில நூறு லீற்றர் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி, மேலே சூரியத் தகடுகள், கீழே ஒரு சின்ன டீசல் எஞ்சின். பெரும்பாலும் இருவரே ஓட்டுகிறார்கள்.

இரண்டு அளவுகள் தெரிந்தால் மீதி எல்லாம் எளிது:

1. கடல்மைல். 1,852 மீற்றர். பூமியின் அகலாங்கில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கின் நீளம் இது. ஆகவே வரைபடத்தின் ஓரத்தில் உள்ள அளவுகோலை வைத்தே தூரத்தை அளந்துவிடலாம்.

2. நொட். மணிக்கு ஒரு கடல்மைல் வேகம். காற்றையும் இதிலேயே சொல்வார்கள், படகையும் இதிலேயே சொல்வார்கள்.

12 மீற்றர்ப் படகு ஒன்று நெடும் பயணத்தில் சராசரியாக 5 முதல் 6 நொட் வரை ஓடும், அதாவது மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் போல. காற்று எவ்வளவு அடித்தாலும் இதைவிடப் பெரிதாக வேகம் ஏறாது. காரணம், படகு தான் எழுப்பும் அலைக்குள் தானே மாட்டிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் 10 மீற்றர் நீளம் உள்ள படகுக்கு அந்த உச்சவரம்பு கிட்டத்தட்ட 7.7 நொட். இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றும். ஆனால் இது இரவிலும் நிற்பதில்லை; ஒரு நாள் முடிந்தால் 120 முதல் 145 கடல்மைல் கடந்திருக்கும்.

## காற்று எதிரே அடித்தால்

பாய் என்பது காற்றைப் பிடித்து நிறுத்தும் திரை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பின்னால் இருந்து காற்று அடிக்கும்போது அது உண்மை. மற்ற நேரங்களில் பாய் வேலை செய்வது விமானத்தின் இறக்கை போல. வளைந்த பாயின் இரு பக்கமும் காற்று ஓடும்போது இரு பக்க அழுத்தமும் வேறுபடுகிறது. அந்த வேறுபாடு படகை ஓரளவு முன்னாலும் பெருமளவு பக்கவாட்டிலும் இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பைத் தடுப்பது படகின் அடியில், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அடித்தகடு. அந்தத் தடை இருப்பதால் மிச்சமிருக்கும் விசை படகை முன்னே கொண்டுபோகிறது.

எவ்வளவு நல்ல படகானாலும் காற்று வரும் திசைக்கு நேர் எதிரே ஓட முடியாது. காற்றிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகித்தான் போக வேண்டும். ஆகவே முதலில் வலப்பக்கம் சாய்வாக ஒரு நீட்டு, திரும்பி இடப்பக்கம் சாய்வாக இன்னொரு நீட்டு என்று வளைந்து வளைந்து முன்னேறுவார்கள். மகியங்கனைப் பக்கமிருந்து பதினெட்டு வளைவுப் பாதையில் ஏறும் பஸ்ஸும் இதைத்தான் செய்கிறது: செங்குத்தாக ஏற முடியாததைக் குறுக்காக ஏறிச் சமாளிக்கிறது. விலை என்னவென்றால் தூரம். 100 கடல்மைல் எதிர்காற்றில் போக வேண்டுமானால் ஓட வேண்டியது 140 கடல்மைல். அதோடு ஒவ்வோர் அலையும் படகின் முன்முனையான அணியத்தில் மோதி வேகத்தைக் குறைக்கும், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடக்கும், அடுப்பில் வைத்த கேத்தலைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் இப்படி ஓடலாம். பத்து நாள் ஓட யாருக்கும் விருப்பமில்லை. பாய்ப்படகுப் பயணத் திட்டங்கள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

கவிழாதா என்ற கேள்விக்கும் விடை அந்த அடித்தகட்டில்தான் இருக்கிறது. ஈயத்தாலோ இரும்பாலோ ஆன அது, பல படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு வரும். படகு சாயச் சாய அந்தப் பாரம் அதை மறுபடி நிமிர்த்தப் பார்க்கும். நல்ல நெடும்பயணப் படகை அலை முழுதாகப் படுக்க வைத்தாலும் அது எழுந்துவிடும். ஆனால் மேல்தட்டில் நின்றவர் அதற்குள் கடலில் விழுந்திருக்கலாம், அது வேறு கதை. அதனால்தான் இரவில் மேலே வருபவர் இடுப்பு வாரைப் படகோடு மாட்டிக்கொண்டே வருகிறார்.

## எஞ்சின் இருக்கிறதே, பிறகென்ன?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து காலி வரை ஏறத்தாழ 1,100 கடல்மைல். படகில் 300 லீற்றர் டீசல் இருக்கிறது, எஞ்சின் மணிக்கு 3 லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மணி நேரம் ஓடும். 5 நொட் வேகத்தில் 500 கடல்மைல். பாதி வழிகூட வராது, அதுவும் கடல் அமைதியாக இருந்தால்.

ஆகவே எஞ்சின் என்பது துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று செத்த நாளில் கொஞ்சம் நகரவும், கப்பலுக்கு வழி விடவும்தான். கடலைக் கடப்பது காற்றின் வேலை.

## இரண்டு காற்று, இரண்டு தேயிலைப் பருவம்

நமது தீவைச் சுற்றி வருடத்தில் காற்று இரண்டு முறை தலைகீழாகத் திரும்புகிறது. உலகின் பெரும்பாலான கடல்களில் இப்படி நடப்பதில்லை. பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் வெப்பமண்டலத்தில் காற்று வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே திசையில் அடிக்கும். இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் ஆசிய நிலப்பரப்பு கோடையில் சூடாகிக் காற்றை உள்ளே இழுக்கிறது, குளிர்காலத்தில் குளிர்ந்து வெளியே தள்ளுகிறது. ஆகவே இந்தக் கடலில் பயணம் என்பது காத்திருக்கும் கலை. அரபு வணிகர்கள் அதைத்தான் செய்தார்கள், சோழர் காலத்து வணிகர்களும் அதைத்தான் செய்தார்கள்.

1. வடகீழ்க் காற்று: டிசம்பர் முதல் மார்ச் வரை. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர்கள் வாடை என்பார்கள். வங்கக் கடலைத் தாண்டி வரும்போது கொஞ்சம் ஈரத்தை எடுத்துவந்து மட்டக்களப்பிலும் ஊவாவின் கிழக்குச் சரிவிலும் கொட்டிவிடும். மலையைத் தாண்டி மேற்குச் சரிவுக்கு வரும்போது காய்ந்த குளிர் காற்று. நுவரெலியாவில் விடியற்காலையில் புல் வெளுத்துப் பனி பிடிக்கும், பள்ளத்துக் கொழுந்து கருகும். தலவாக்கலை, திம்புள பக்கம் கொழுந்து வரத்து குறைந்து தரம் ஏறுவது இப்போதுதான்; ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே தரப் பருவம்.

இதே நாட்களில் கடலில் என்ன நடக்கிறது? புக்கெட்டிலிருந்தோ லங்காவியிலிருந்தோ மேற்கே கிளம்பும் படகுக்கு இந்தக் காற்று வலப்புறப் பின்பக்கமிருந்து வருகிறது. பாய்ப்படகுக்கு இதைவிட இதமான கோணம் கிடையாது. பெரும்பாலும் 10 முதல் 20 நொட், வானம் தெளிவு. தீவின் தெற்கே கடல் நீரோட்டமும் இந்த மாதங்களில் மேற்கு நோக்கியே ஓடுகிறது. 1,100 கடல்மைல் எட்டு முதல் பத்து நாட்களில் முடிந்துவிடும். காலியில் சில வாரம் தங்கி, கண்டிக்கும் எல்லவுக்கும் ரயிலில் போய்விட்டு, காற்று மாறுவதற்குள் மாலைதீவுக்கு 400 கடல்மைல்களுக்குச் சற்று அதிகமான தூரத்தைக் கடப்பார்கள்.

2. தென்மேல் காற்று: மே நடுப்பகுதி முதல் செப்டெம்பர் வரை. வடக்கில் சோளகம். இது கடல் மேல் நெடுந்தூரம் ஓடி ஈரம் நிறைந்து வந்து நேராக நமது மேற்குச் சரிவில் மோதுகிறது. வட்டவளையில் நாட்கணக்கில் மழை விடாது. மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் நிரம்பும். மலையின் அந்தப் பக்கம் இறங்கும்போது அதே காற்றில் ஈரம் இல்லை. கீழே இறங்கும் காய்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடாகும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மரங்களைப் பேயாட்டம் ஆட்டும் காற்று இதுதான். கிழக்குக் கரைக்கு இறங்கும்போது கச்சான் என்று பெயர் வாங்கிவிடுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் கொடுப்பதும் இந்த வறட்சிதான்.

கடலில் இது வேறு முகம் காட்டுகிறது. ஜூலையில் அரபிக் கடலின் மேற்குப் பாதியில் 30 நொட் என்பது சாதாரணக் காற்று. இலங்கையின் தெற்குக் கரையும் மேற்குக் கரையும் காற்று நேராகத் தள்ளும் கரைகளாகிவிடும். மாலுமி புயலைவிட அதிகம் அஞ்சுவது இப்படிப்பட்ட கரையைத்தான். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் படகு மிதந்துகொண்டு கிடக்கும், சரிசெய்ய நேரம் இருக்கும். காற்று தள்ளும் கரைக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றால் சில மணி நேரத்தில் பாறை மேல் கிடக்கும். காலித் துறைமுகத்துக்குள்ளும் அலை புகுந்து, கட்டிய கயிறுகளை இரவெல்லாம் இழுக்கும்.

3. இடைக்காலங்கள்: ஏப்ரல், பிறகு ஒக்டோபர்–நவம்பர். மலையில் காலை வெயில், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடி மழை. கடலில் நாள் முழுவதும் காற்றே இல்லாமல் பாய் தொங்கும், பிறகு ஒரு கறுத்த மேகத்தின் அடியில் பத்து நிமிடத்துக்கு 35 நொட் அடிக்கும்.

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். டிசம்பர் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணையில் முடிகிறது. மேற்குச் சரிவு காய்ந்திருக்கும் மாதங்கள் அவை. உச்சியில் விளக்கு எரியும் காலமும் காலியில் யாட் நிற்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாக வருவதில் தற்செயல் எதுவும் இல்லை.

## மலை கடலில் போடும் நிழல்

மத்திய மலைநாடு காற்றை வாங்குவதோடு நின்றுவிடுவதில்லை, அதைத் திருப்பியும் விடுகிறது. பருவக்காற்றின் பலமான பகுதி கீழ்மட்டத்தில்தான் ஓடுகிறது. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையும் அதைச் சுற்றிய மலைத்தொடரும் எதிரே நிற்கும்போது, காற்றில் ஒரு பகுதி ஏறிக் கடக்கிறது, பெரும்பகுதி சுற்றிக்கொண்டு போகிறது. சுற்றும் இடத்தில் வேகம் கூடும், பின்புறத்தில் செத்துப் போகும்.

வடகீழ்க் காற்றுக் காலத்தில் கிழக்கிலிருந்து வரும் படகு இதை நேரடியாகவே உணரும். வங்கக் கடல் முழுவதும் நிதானமாக 15 நொட்டில் ஓடி வந்தவர்கள், மாத்தறைக்குப் பக்கத்திலுள்ள தேவேந்திரமுனையைச் சுற்றியதும் பாய் தொங்குவதைப் பார்ப்பார்கள். அவர்கள் நுழைந்திருப்பது மலையின் காற்று நிழலுக்குள். காலியிலிருந்து கொழும்பு வரை அந்த மாதங்களில் பகலில் கடல் காற்று, இரவில் நிலத்திலிருந்து கடலுக்கு ஒரு மெல்லிய காற்று, அவ்வளவுதான். அப்புறம் மேற்கே மாலைதீவை நோக்கிப் போகப் போக, பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே நெருக்கப்பட்டு வேகமெடுத்த காற்று வடக்குப் பக்கமிருந்து வந்து சேரும். நிழலுக்குள் எல்லாப் பாயையும் விரித்து வைத்திருந்தவர்களுக்கு இது சங்கடமான நேரம்.

மலை இன்னொன்றும் செய்தது. திசைகாட்டும் செய்மதிகள் இல்லாத காலத்தில் கடலோடிகளுக்கு இந்தத் தீவின் முதல் அடையாளம் சிவனொளிபாதமலைதான். 2,243 மீற்றர் உயரமான சிகரம் ஒன்று, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால், படகில் நிற்பவருக்கு ஏறக்குறைய 100 கடல்மைலிலிருந்து தெரியலாம். தெரிவது வானம் எவ்வளவு தெளிவு என்பதைப் பொறுத்தது. மாசிப் புகையும் மேகமும் பெரும்பாலும் விடுவதில்லை. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, கடலில் இருந்தபடியே இந்த மலை வானத்தில் புகைத்தூண் போல எழுந்து நிற்பதைக் கண்டதாக எழுதியிருக்கிறார்.

காசல்ரீயிலும் கிரகரி வாவியிலும் இதே பாய்ப்படகை ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டலாம், சின்னப் படகை. ஆனால் சுற்றிலும் மலை நிற்கும் நீரில் காற்று ஒரே திசையில் அரை நிமிடம்கூட நிற்காது. ஒரு பள்ளத்தாக்கு வழியாக வந்து சுழன்று இன்னொன்றில் போகும். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

## தேவேந்திரமுனைக்கு வெளியே ஓர் இரவு

படங்களில் வராத பகுதி இது. இருவர் மட்டும் உள்ள படகில் ஒருவர் மூன்று அல்லது நான்கு மணி நேரம் விழித்திருப்பார், மற்றவர் தூங்குவார், பிறகு மாறுவார்கள். பத்து நாளும் இப்படியே. ஆறு மணி நேரத் தொடர் தூக்கம் என்பது துறைமுகத்தில்தான்.

இலங்கைக்குத் தெற்கே உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. மலாக்கா நீரிணைக்கும் சுயஸுக்கும் வளைகுடாவுக்கும் நடுவே போகும் கப்பல்கள் தேவேந்திரமுனைக்கு வெளியே போக ஒரு வழி, வர ஒரு வழி என்று பிரிக்கப்பட்ட பாதையில் செல்கின்றன. விழித்திருப்பவரின் வேலை அந்த விளக்குகளைப் படிப்பது.

பெரிய கப்பலில் இரண்டு வெள்ளை விளக்குகள் இருக்கும். முன்னது தாழ்வு, பின்னது உயரம். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. சிவப்பு மட்டும் தெரிந்தால் அது தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குறுக்கே போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, இரண்டு வெள்ளையும் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால் அது உங்களை நோக்கியே வருகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. கப்பல் இருக்கும் திசையைத் திசைகாட்டியில் பார்த்து வைத்து, சில நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். திசை மாறியிருந்தால் பயமில்லை. திசை மாறாமல் விளக்கு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால் இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கப் போகின்றன.

நேரம் எவ்வளவு இருக்கிறது? 10 கடல்மைலில் விளக்கு தெரிந்தது என்று வைப்போம். கப்பல் 20 நொட், யாட் 5 நொட், எதிரெதிரே. 24 நிமிடம். தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு மேலே வருவதற்குள் பாதி போய்விடும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அடிவானம் முழுவதையும் சுற்றிப் பார்ப்பது விதி. கப்பல்களின் பெயர், வேகம், போகும் திசை ஆகியவற்றைத் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி இப்போது பெரும்பாலான படகுகளில் இருக்கிறது. ரேடியோவின் 16ஆம் அலைவரிசையில் கப்பலை அழைத்துப் பேசவும் முடியும். இரண்டும் உதவும்தான், ஆனால் விளக்கில்லாத மரத்தோணியையும் மிதக்கும் வலையையும் திரை காட்டாது.

பாய்க்கு எஞ்சின் வழி விட வேண்டும் என்ற சர்வதேசக் கடல் விதி ஒன்று உண்டு. புதிதாகக் கற்றவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிரிக்கப்பட்ட கப்பல் பாதைக்குள் அதை நம்பி நிற்க முடியாது. அங்கே பாய்ப்படகு கப்பலுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, குறுக்கே கடந்தால் செங்கோணத்தில் சீக்கிரம் கடக்க வேண்டும். ஆகவே காலிக்கு வருபவருக்கு இரண்டு தெரிவுகள். கப்பல் பாதைக்கும் கரைக்கும் நடுவே வந்தால் கப்பல் தொல்லை குறைவு, ஆனால் மீன்பிடிப் படகுகளும் வலைகளும் நிறைய. வலை சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும். வெளியே தெற்கால் வந்தால் வலை இல்லை, ஆனால் கடைசியில் முழுப் பாதையையும் குறுக்கே கடக்க வேண்டும். வலையில் மாட்டினால் பகலாக இருப்பது நல்லது என்பதால் கரையோர வழியைப் பகலில் எடுப்பதே புத்தி.

காற்று கூடும்போது செய்வதையும் சொல்லிவிட வேண்டும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 15 நொட் 21 ஆனால் பாயின் மேல் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 30 ஆனால் நான்கு மடங்கு. ஆகவே பாயின் பரப்பைக் குறைக்க வேண்டும். இருட்டில் அது இப்படி நடக்கும்: படகைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி, பெரிய பாயின் இழுகயிற்றைத் தளர்த்த, பாய் படபடவென்று அடிக்கும். ஒருவர் மரத்தடிக்குத் தவழ்ந்து போய், பாயை ஏற்றிய கயிற்றை ஒரு முழம் இரண்டு முழமாக இறக்கி, பாயின் முன்விளிம்பில் உள்ள இரும்பு வளையத்தைக் கொக்கியில் மாட்டுவார். ஏற்று கயிற்றை மறுபடி இறுக்கி, பாயின் பின்முனையைக் கீழே இழுக்கும் கயிற்றையும் இறுக்கினால், கீழ்ப்பகுதி மடிந்து அடிக்கம்பின் மேல் கிடக்கும். பழக்கம் உள்ளவருக்கு ஐந்து நிமிடம். காற்று முற்றிய பிறகு தொடங்கினால் அரை மணி நேரமும் ஆகும், விரல் நகமும் போகும்.

## புயல் மாதங்கள்

வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள் இரண்டு கொத்து: ஏப்ரல்–மே, பிறகு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. கடல்நீர் 26–27 பாகைக்கு மேல் சூடாக இருந்து, மேல்காற்றும் கீழ்க்காற்றும் பெரிதாக வேறுபடாமல் இருக்கும்போதுதான் சுழல் வளர முடியும். பருவக்காற்று பலமாக இருக்கும் மாதங்களில் அந்த வேறுபாடு அதிகம், சுழல் கலைந்துவிடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய புயலும், 2025 நவம்பர் இறுதியில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளால் நம்மை உலுக்கிய டித்வா புயலும் இந்தக் கொத்துக்குள் வந்தவை.

தாய்லாந்தில் நிற்கும் படகுகள் டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி வரை கிளம்பாமல் காத்திருப்பது இதனால்தான். கிளம்பிய பிறகும் 6 பாகை வட அகலாங்கை ஒட்டியே வருவார்கள். பூமத்திய ரேகைக்கு மிக அருகில், ஏறக்குறைய 5 பாகைக்குள், பூமிச் சுழற்சியின் விளைவு போதாமல் புயல் உருவாவது மிக அரிது. தேவேந்திரமுனை 5 பாகை 55 கலையில் இருப்பது இந்த வகையில் வசதியாக அமைந்துவிட்டது.

## செங்கடல் அடைபட்டால்

இனி மூன்றாவது கேள்வி. காலியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போக நினைக்கும் படகு மாலைதீவு, ஓமான், செங்கடலின் தெற்கு வாயிலான பாப் அல் மண்டப் நீரிணை, செங்கடல், சுயஸ் என்று போவது வழக்கம். 2023 நவம்பரில் யேமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆபிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. கப்பலுக்கு இது கூடுதல் பத்துப் பதினைந்து நாட்களும் எரிபொருளும். யாட்டுக்கு இது திட்டத்தையே கிழித்துப் போடும் விஷயம். காப்புறுதி அந்தக் கடலில் செல்லுபடியாகாமல் போவது ஒன்று. மற்றது மறுபடியும் காற்று.

1. நன்னம்பிக்கை முனை வழி. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பெப்ரவரியில் காலியில் நிற்பவர் உடனே தெற்கே இறங்க முடியாது. அது முடிந்த பிறகு இறங்கி, அடுத்த நவம்பருக்குள் தென்னாபிரிக்காவை எட்ட வேண்டும். அங்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் 4, 5 நொட் வரை தென்மேற்காக ஓடும். எதிரே தென்மேல் காற்று அடித்தால் அலை சுவர் போல எழும். காற்று ஓயும் இடைவெளி பார்த்துத் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்குத் தாவ வேண்டும். ஆக, சில மாதப் பயணம் ஒரு வருடத்தைத் தாண்டிவிடும்.

2. படகைக் கப்பலில் ஏற்றி அனுப்புவது. பணம் உள்ளவர்கள் செய்கிறார்கள்.

3. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நிறுத்திவிட்டு நிலைமை மாறும் வரை பொறுப்பது.

4. ஆபத்தைத் தெரிந்துகொண்டே போவது. இதைப் பரிந்துரைக்க ஒன்றும் இல்லை. 2011இல் அரபிக் கடலில் சோமாலியக் கடற்கொள்ளையர் ஒரு யாட்டைப் பிடித்து, அதிலிருந்த நான்கு அமெரிக்கர்களும் கொல்லப்பட்டார்கள். சின்னப் படகை யாரும் சீண்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கை அத்தோடு போனது.

அமைதியான வருடங்களிலும் செங்கடல் பாய்க்கு இலகுவான வழியில்லை. அதன் வடபாதியில் வருடம் முழுவதும் காற்று வடமேற்கிலிருந்தே வரும், அதாவது சுயஸுக்குப் போகிறவரின் முகத்தில். முன்னே சொன்ன 45 பாகைக் கணக்கில் நூற்றுக்கணக்கான மைல் முட்டி முட்டித்தான் போக வேண்டும். இது நமது தேயிலையின் கதையையும் தொட்டுச் செல்கிறது. சீனத் தேயிலையை ஏற்றிய பாய்க்கப்பல்கள் லண்டனுக்குப் போட்டி போட்டு ஓடின. 1866இல் 99 நாள் ஓடி, ஒரே நாளில் வந்து சேர்ந்த கப்பல்கள்கூட உண்டு. சிலோன் தேயிலையும் அப்படித்தான் போனது என்று பலர் நினைக்கிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வணிகத்துக்காகத் தேயிலை நட்டது 1867இல். சுயஸ் திறந்தது 1869இல். நமது தேயிலை சிறு பொதியாக லண்டனை எட்டியது 1873இல். அதற்குள் நீராவிக் கப்பலின் காலம் வந்துவிட்டது. கால்வாய் வழி தூரத்தை வெகுவாகக் குறைத்தும், செங்கடலின் அந்த எதிர்காற்றால் பாய்க்கப்பல்களுக்கு அது பயன்படவே இல்லை. தேயிலை வணிகத்தில் நீராவி வென்றதற்கு அது ஒரு பெரிய காரணம்.

## ஏப்ரலுக்குப் பிறகும் காலியில் நிற்கும் படகு

மேற்கே போக முடியாமல் சித்திரைப் புத்தாண்டு தாண்டியும் காலியில் ஒரு யாட் நின்றால், அதற்கு நேரம் குறைவு. தென்மேல் காற்று இறங்குவதற்குள் மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

ஒன்று, தேவேந்திரமுனையைத் திரும்பச் சுற்றி வடக்கே திருகோணமலைக்கு ஏறுவது. ஜூலையில் ஊவா காய்ந்து கிடக்கும் அதே காரணத்தால் கிழக்குக் கரைக் கடலும் அப்போது மலையின் மறைவில் இருக்கும். அறுகம் குடாவுக்கும் பாசிக்குடாவுக்கும் உல்லாசப் பயணிகள் போகும் பருவமும் அதுதான். திருகோணமலை ஏறக்குறைய எல்லாப் பக்கமும் நிலம் சூழ்ந்த துறைமுகம் என்பதால் அங்கே நங்கூரம் போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு, தென்மேல் காற்று பலமாவதற்கு முன் அதையே பின்காற்றாக வைத்துக்கொண்டு, அப்போது கிழக்கே திரும்பியிருக்கும் நீரோட்டத்தோடு தாய்லாந்துக்கே போய்விடுவது. வந்த வழியே திரும்புவது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் படகுக்கு இதமான தெரிவு இதுவே. மூன்று, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, விமானத்தில் ஊருக்குப் போய் டிசம்பரில் வருவது. விசா, சுங்க அனுமதி, படகு நிறுத்தும் கட்டணம் ஆகிய மூன்றையும் முகவர் வழியாக முன்கூட்டியே பேசி முடிக்காதவர்களுக்கு இந்த மூன்றாவது வழி கிடைப்பதில்லை.